ஒரு மூலம், பல வடிவம்: குறியீட்டு மொழிகளின் மரபுகள்

ஒரு வெண்பாவை மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு மொழியில் தட்டச்சு செய்து மின்னூலாக மாற்றிப் பாருங்கள். நான்கு அடிகளும் ஒட்டிக்கொண்டு ஒரே பத்தியாக வந்து நிற்கும். அடியின் முடிவில் இரண்டு இடைவெளி விட்டால் அடி பிரியும். ஆனால் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. மெய்ப்புத் திருத்துபவர் அறியாமலே அழித்துவிடலாம். தமிழ் நூலை அச்சுக்கும் இணையத்துக்கும் கைப்பேசிக்கும் ஒரே மூலத்திலிருந்து கொண்டுவர நினைப்பவர், கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் அதைச் செய்யுளில்தான் உரசிப் பார்க்க வேண்டும் என்பேன்.

குறியீட்டு மொழிகளின் மூத்த மரபுகளில் ஒன்று, 1969இல் ஐபிஎம்மில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி மூவரும் தொடங்கிய ஜி.எம்.எல். ‘இது தலைப்பு’ என்று மட்டும் குறித்து வை, அது எந்த எழுத்துருவில் எவ்வளவு பெரிதாக வரவேண்டும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் கொள்கை. அது 1986இல் எஸ்.ஜி.எம்.எல். என்ற பன்னாட்டுத் தரமாயிற்று; 1998இல் எக்ஸ்.எம்.எல். வந்தது. இந்த வழியில் வளர்ந்ததுதான் அறிஞர் பதிப்புகளுக்கான டி.இ.ஐ. நெறி. பாட்டுக்கு ஒரு குறி, அடிக்கு ஒரு குறி, பாடபேதத்துக்குத் தனி ஏற்பாடு எல்லாம் அதில் உண்டு. சங்க நூலைச் சுவடி வேறுபாடுகளோடு பதிப்பிப்பவர் வேறெதையும் தேட வேண்டியதில்லை. உழைப்பு கூடுதல்தான், அந்த வேலைக்கு அது தகும்.

அச்சுப் பக்கத்தின் அழகே குறிக்கோளென்றால், டொனால்ட் நூத் 1978இல் வெளியிட்ட டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள், அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டிய லாடெக். ஆனால் தமிழில் ஒரு சிக்கல்: ‘கொ’ என்ற எழுத்தில் கணினி சேமிப்பது ககரத்தையும் அதன்பின் ஓர் உயிர்க்குறியையும். காட்டும்போதோ அக்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் அமர வேண்டும். பழைய டெக்குக்கு இது தானாக வராது. ஜோனதன் கியூவின் ஸீடெக் யூனிகோடை நேரே ஏற்றபின்தான் தமிழுக்கு வழி எளிதாயிற்று.

எளிய குறிகளை விரும்பியவர்களுக்கு ஆஸ்கிடாக்கும் 2004இல் ஜான் க்ரூபரின் மார்க்டவுனும் கிடைத்தன. மார்க்டவுனுக்கு ஆளுக்கொரு வழக்கு பெருகியதால் 2014இல் காமன்மார்க் என்ற பொது வரையறை எழுந்தது. இவற்றையெல்லாம் இணைப்பது, பெர்க்லியின் மெய்யியல் பேராசிரியர் ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் தந்த பாண்டாக் என்ற வடிவமாற்றுக் கருவி. அதன் மார்க்டவுனில் ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் ஒரு செங்குத்துக் கோடும் அதன்பின் ஓர் இடைவெளியும் இட்டால் போதும்; எச்.டி.எம்.எல்., ஈபப், பி.டி.எஃப். மூன்றிலும் அடி அடியாகவே நிற்கும். கதை, கட்டுரை, கவிதை நூல்களுக்கு என் பரிந்துரை இதுவே.

நம் எழுத்தாளர்களில் பலர் கொடுப்பது வேர்டு கோப்பு. பாண்டாக் அதையும் படிக்கும். ஆனால் இயல் தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்கி விட்டிருந்தால், பாண்டாக்குக்கும் அது தடித்த எழுத்து மட்டுமே. ஈபப்பின் பொருளடக்கத்தில் ஏறாது. பதிப்பாளர்கள் கைப்பிரதி வாங்கும்போதே, தலைப்புகளுக்கு வேர்டின் தலைப்புப் பாணியையே பயன்படுத்தும்படி கேட்டுப் பெற வேண்டும்.