அதுக்குப் பட்டன் இல்ல

எங்கள் குடியிருப்பில் எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி போன மாதம் ஒரு சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினாள். ‘குடிமக்கள் விஞ்ஞானி’ என்று பொன்னிற எழுத்தில் அச்சாகியிருந்தது. இணையத்தில் விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பார்த்து வகை பிரித்ததற்காகப் பள்ளியில் கொடுத்தார்களாம்.

“என்னம்மா கண்டுபிடிச்சே?” என்று கேட்டேன்.

“இருநூறு படம் பார்த்தேன் மாமா. ஒண்ணுல மட்டும் ஓரத்துல நீலமா ஏதோ ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அதுக்குப் பட்டன் இல்ல. அடுத்த படத்துக்குப் போயிட்டேன்.”

பங்கெடுக்கும் எல்லோரையும் விஞ்ஞானி என்று அழைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. அறிவியலை மக்கள்மயமாக்குகிறோம் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அந்த நியாயம் பிழையானது என்பது என் நெடுநாள் கருத்து.

இந்த முயற்சிகளின் பயனை மறுக்க முடியாது. 2007 ஜூலையில் தொடங்கிய கேலக்ஸி ஸூ திட்டத்தில், ஓராண்டுக்குள் ஒன்றரை லட்சம் பேர் 5 கோடி முறைக்கு மேல் விண்மீன் மண்டலப் படங்களை வகைப்படுத்தினார்கள். ஓர் ஆய்வுக்குழு ஆயுள் முழுக்க உட்கார்ந்தாலும் முடிக்க முடியாத வேலை அது. பட்டம் பெறாதவர் விஞ்ஞானி ஆக முடியாது என்று வாதிடுபவர்கள் பக்கமும் நான் இல்லை. பாடகியாக இருந்த கரோலின் ஹெர்ஷல் 1786-இல் வால்மீனைக் கண்டுபிடித்தபோது அவரிடம் பட்டம் கிடையாது. ‘சயின்டிஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லே அப்போது பிறந்திருக்கவில்லை. வில்லியம் ஹ்யூவெல் அதை உருவாக்கியது 1833-இல்தான்.

என் எதிர்ப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இந்தத் திட்டங்களின் அமைப்பில் தன்னார்வலர் ஒரு கருவியாகவே வைக்கப்படுகிறார். கேலக்ஸி ஸூவிலேயே இதற்குச் சான்று உண்டு. சுருள் மண்டலங்களில் இடஞ்சுழியாகத் தெரிபவை அதிகம் என்று பார்த்தவர்களின் வாக்குகள் காட்டின. ஆய்வாளர்கள் சில படங்களைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப்போட்டுக் காட்டினார்கள். அப்போதும் இடஞ்சுழியே அதிகம் என்று வந்தது. சாய்வு வானத்தில் இல்லை, மனிதக் கண்ணில் இருக்கிறது என்பது தெளிவானது. அருமையான சோதனைதான். ஆனால் அந்தச் சோதனையில் தன்னார்வலர்கள் எங்கே நிற்கிறார்கள்? தொலைநோக்கியின் வில்லையில் பிழை பார்ப்பதுபோல அவர்களுடைய கண்ணில் பிழை பார்க்கப்பட்டது. பெரும்பான்மையோடு ஒத்துப்போனவரின் வாக்குக்குக் கூடுதல் எடையும், அடிக்கடி மாறுபட்டவரின் வாக்குக்குக் குறைந்த எடையும் தரப்பட்டன. வகைப்படுத்தும் வேலைக்கு இது சரியான முறைதான். ஆனால் மாறுபடுவதற்காக மதிப்பை இழக்கும் ஒருவரை எப்படி விஞ்ஞானி என்பது? ஊரே ஒன்றைச் சொல்லும்போது ‘எனக்கு அப்படித் தெரியவில்லையே’ என்று நிற்பதுதானே விஞ்ஞானியின் வேலை!

அதே திட்டத்தில் உண்மையான விஞ்ஞானிகளும் உருவானார்கள். நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்கெல், 2007 ஆகஸ்டில் ஐசி 2497 என்ற மண்டலத்தின் அருகே விசித்திரமான ஒரு திட்டைக் கண்டார். கொடுத்திருந்த விடைகள் எதிலும் அது அடங்கவில்லை. அவர் அதை விட்டுவிடவில்லை, “இது என்ன?” என்று கேட்டார். ஒரு காலத்தில் சுடர்விட்டு இப்போது மங்கிப்போன குவேசார் (மிகப் பிரகாசமான மண்டல மையம்) ஒன்றின் ஒளியால் ஒளிரும் வாயுத்திரள் அது என்பது பின்னர் விளங்கியது. 2009-இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் அவரும் ஓர் ஆசிரியர். அவரை விஞ்ஞானி ஆக்கியது அந்த ஒரு கேள்வி.

ஆனால் எல்லோருக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை. பச்சைப் பட்டாணி போன்ற சிறு மண்டலங்களைத் தன்னார்வலர்கள் சிலர் தாங்களாகவே தேடித் திரட்டினார்கள், எது சேரும் எது சேராது என்று வாதாடிச் சலித்தெடுத்தார்கள். கேள்வியும் முறையும் அவர்களுடையவை. 2009-இல் அவற்றைப் பற்றிய கட்டுரை வந்தபோது அவர்கள் பெயர்கள் நன்றியுரையில் இடம்பெற்றன. சொடுக்குகிறவருக்குத் தாராளமாக ‘விஞ்ஞானி’ என்ற பெயர், ஆராய்ந்தவருக்கு நன்றி. இந்த முரணை யாரும் பெரிதாகப் பேசவில்லை என்பதே என் ஆதங்கம்.

புரத மடிப்பு விளையாட்டான ஃபோல்டிட் இதைவிட நேர்மையாக நடந்துகொண்டது. அதன் ஆட்டக்காரர்கள் மடிக்கும் உத்திகளைத் தாங்களே செய்முறைகளாக எழுதி, ஒருவருக்கொருவர் பகிர்ந்து, திருத்தினார்கள். குரங்குகளைத் தாக்கும் ஒரு வைரஸின் நொதி அமைப்பு பல ஆண்டுகளாகப் பிடிபடாமல் இருந்தது. மூன்றே வாரங்களில் அவர்கள் அதற்கு வழிகாட்டினார்கள். 2011-இல் வெளியான கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் அவர்களுடைய குழுப் பெயர்கள் உள்ளன. அங்கே பெயர் உழைப்பின் தன்மையைப் பார்த்து வந்தது.

பட்டப்பெயர் ஊக்கம் தருமே, அதில் என்ன கெடுதல் என்று கேட்கிறார்கள். கெடுதல் இருக்கிறது. சம்பளமும் பங்கும் தர வேண்டிய இடத்தில் புகழ்ச்சொல்லைத் தந்து கணக்கை முடித்துவிடலாம் என்று அது நிறுவனங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறது. அறிவியல் என்றால் கொடுத்த பட்டன்களில் ஒன்றை அழுத்துவது என்று பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கிறது. இரண்டாவது கெடுதல்தான் பெரியது. படம் பார்த்து வகை பிரிப்பவரின் சான்றிதழில் ‘நோக்கர்’ என்று போடுங்கள். பறவை நோக்குகிறவர்கள் அந்தச் சொல்லை மதிப்போடுதான் வைத்திருக்கிறார்கள். கேள்வி எழுப்புகிறவருக்கு, பதில் தேடி அலைகிறவருக்கு, தன் பிழைக்குத் தானே பொறுப்பேற்கிறவருக்கு விஞ்ஞானி என்ற பெயரையும் கட்டுரையில் ஆசிரியர் இடத்தையும் சேர்த்தே கொடுங்கள்.

அந்த நீலம் எந்தப் படத்தில் இருந்தது என்று சிறுமியிடம் கேட்டேன். அவளுக்கு நினைவில்லை. எண்ணைக் குறித்துவைக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.