ரெண்டு கோட்டிங் மஞ்சள்

என் புல்லட்டின் ஹெட்லைட்டுக்கு மேலே இரண்டு பக்கமும் இரண்டு சின்னக் கண்கள் உண்டு. பைலட் லைட் என்போம். ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர், இந்த இரண்டு கண்கள் எல்லாவற்றையும் ஒரே உலோகக் கூட்டுக்குள் வைத்த அந்த முகம் 1954-இல் இங்கிலாந்தில் வந்தது. 1956-இல் திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பு தொடங்கியபோது அதே முகம்தான் நமக்கும் வந்தது. கம்பெனி கொடுத்த கண்களில் வெள்ளை வெளிச்சம். என் வண்டியில் அது மஞ்சள். சம்பங்கி மாலைக்கு நடுவில் ஒரு சாமந்தி வைத்தால் எந்த அளவுக்குத் தெரியுமோ அந்த அளவு மஞ்சள். அதற்கு மேல் ஒரு துளி ஏறினாலும் கெட்டுவிடும்.

வீட்டில் உட்கார்ந்து விளக்குக்கு நிறம் ஏற்றுவதை ஒரு கைவேலையாக நான் மதிக்கத் தொடங்கியது இந்த இரண்டு பல்புகளால்தான். பெரிய சாமான் எதுவும் வேண்டாம். கண்ணாடி ஓவியம் வரைகிறவர்கள் ஸ்டேஷனரி கடையில் வாங்கும் கிளாஸ் பெயின்ட், அதிலும் தண்ணீரில் கரையாத வகை, ஒரு சின்னக் குப்பி போதும். பல்பை சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து, கண்ணாடியில் கைரேகை இல்லாமல் ஸ்பிரிட் வைத்து இன்னொரு முறை துடைக்க வேண்டும். பிறகு அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, தலைகீழாகச் சாயத்தில் மெதுவாக முக்கி, முக்கியதைவிட மெதுவாக எடுக்க வேண்டும். எடுக்கும் வேகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சடாரென்று எடுத்தால் சாயம் தடித்து வழியும். ஒரே சீராக, மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தால், சாயம் தானே இறங்கி, நுனியில் ஒரு சொட்டாகத் திரளும். அந்தச் சொட்டைக் காகித ஓரத்தால் தொட்டு எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் அது அங்கேயே காய்ந்து, விளக்கு எரியும்போது வெளிச்சத்துக்குள் ஒரு கரும்புள்ளியாக நிற்கும். அதன் பிறகு, ஒரு நாள் முழுக்கத் தூசி படாமல் கம்பியில் தொங்கவிட வேண்டும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருமுனையில் ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்த்த ஓர் அண்ணன். நான் முதல் கோட்டிங் முடித்துக்கொண்டு போய்க் காட்டியபோது, பகல் வெளிச்சத்தில் பல்பைத் தூக்கிப் பார்த்து, "ரொம்ப வெளுப்பா இருக்குண்ணே, இன்னும் ரெண்டு தடவை முக்கட்டா?" என்று கேட்டேன்.

"கையில வெச்சுப் பாத்தா ஒண்ணும் தெரியாது தம்பி. ஹோல்டர்ல மாட்டி, இருட்டுல பத்த வெச்சுப் பாரு. அப்புறம் அடுத்த கோட்டிங்கைப் பத்திப் பேசலாம்."

மாட்டிப் பார்த்தோம். கையில் வெளிறிக் கிடந்த நிறம் எரியும்போது நன்றாகவே ஏறியிருந்தது. இன்னும் ஒரே ஒரு கோட்டிங் கொடுத்தோம். மூன்றாவதை நானாகக் கொடுத்தபோது மஞ்சள் போய்ப் பழுப்பாகிவிட்டது. தின்னரில் ஊற வைத்து எல்லாவற்றையும் உரித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். ரெண்டு கோட்டிங். அன்றிலிருந்து அதுதான் கணக்கு.

நிறம் ஏற்றுவது என்ற நம் சொல்லே கொஞ்சம் ஏமாற்றுகிறது. சாயம் வெளிச்சத்தோடு எதையும் சேர்ப்பதில்லை, எடுக்கத்தான் செய்கிறது. மஞ்சள் பூச்சு நீலத்தையும் ஊதாவையும் விழுங்கிவிட்டு மிச்சத்தை வெளியே விடுகிறது. இழை எரியும் பல்பில் இயல்பிலேயே சிவப்பும் மஞ்சளும் கொட்டிக் கிடக்கும், நீலம் சொற்பம். அந்தச் சொற்பத்தை எடுத்துவிட்டால் பெரிய நஷ்டம் இல்லை. அதே பல்புக்கு நீலம் பூசுகிறவர்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். நிறைய இருப்பதைத் தடுத்துவிட்டு, கொஞ்சமாக இருப்பதை மட்டும் வெளியே விடுகிறார்கள். பார்ப்பதற்கு வெளிநாட்டுக் கார் மாதிரி பளிச்சென்று இருக்கும். ரோட்டில் பள்ளம் தெரியாது. நீலப் பூச்சு ஹாலஜன் பல்பை நான் ரசிக்க மறுப்பதற்கு இதுதான் காரணம். அழகு வேலையைக் கெடுக்கக் கூடாது.

எல்இடி வந்த பிறகு இந்தக் கணக்கும் மாறிவிட்டது. வெள்ளை எல்இடி என்பது உள்ளுக்குள் நீல விளக்கு. அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பரால் வெள்ளையாகத் தெரிகிறது. அதில் சிவப்பு குறைவு. பின்பக்கச் சிவப்பு மூடிக்குள் வெள்ளை எல்இடி போட்ட வண்டிகளைக் கவனித்திருப்பீர்கள். சிவப்பு வராது; ரோஸ் மில்க் மாதிரி ஒரு நிறம் வரும். சிவப்பு மூடிக்குச் சிவப்பு எல்இடி, ஆரஞ்சு மூடிக்கு ஆரஞ்சு எல்இடி என்பதுதான் முறை. எந்த விளக்கின் வெளிச்சத்தில் எது நிறைய இருக்கிறது என்று தெரிந்த பிறகே சாயத்தைத் தொட வேண்டும்.

இந்த மஞ்சள் ரசனையின் தாய்வீடு பிரான்ஸ். 1936-இல் அங்கே ஆணை வந்து, 1937-இலிருந்து புது வண்டிகளுக்கு மஞ்சள் ஹெட்லைட் கட்டாயமானது. 1993 வரைக்கும் அரை நூற்றாண்டுக்கு மேல், இரவில் ஒரு நாடே மஞ்சளாக ஓடியது. அந்தப் பழைய பல்புகளில் பூச்சு கிடையாது. கண்ணாடியை உருக்கும்போதே காட்மியம் சேர்த்து, கண்ணாடியையே மஞ்சளாக்கிவிடுவார்கள். உரியாது, கருகாது. பின்னாளில் ஹாலஜன் வந்தபோது, வெள்ளை பல்புக்கு மேலே மஞ்சள் கண்ணாடிக் குப்பியைத் தொப்பி மாதிரி கவிழ்த்தார்கள். பழைய சிட்ரோயன் ஒன்றின் முன்னால் நின்று, எலுமிச்சம்பழ நிறத்தில் அந்தக் குப்பி ரிஃப்ளெக்டருக்குள் தெரிவதைப் பார்த்தால், இது ஏதோ உதிரிபாகம் என்று சொல்ல மனசு வராது.

வீட்டு வேலைக்கும் அங்கேதான் வரலாறு இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் காரை ஏற்றிக்கொண்டு பிரான்சுக்கு விடுமுறை போகிறவர்கள், ஊருக்கு ஏற்ற மாதிரி போகலாமே என்று ஹெட்லைட் கண்ணாடியில் மஞ்சள் லாக்கரைத் தூரிகையால் தடவிக்கொள்வார்கள். இல்லையென்றால் மஞ்சள் தாளை வெட்டி ஒட்டுவார்கள். திரும்பி வந்ததும் சுரண்டி எடுப்பார்கள். அடுத்த ஊர்க்காரனின் கண் கூசக் கூடாது என்று சொந்தச் செலவில் சாயம் வாங்கிப் பூசிக்கொண்டு போன அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். லே மான் 24 மணி நேரப் பந்தயத்திலும் ஜிடி வகை கார்கள் பல ஆண்டுகளாக மஞ்சள் விளக்கோடு ஓடியிருக்கின்றன. முன்னால் போகிற ஓட்டுநர் நள்ளிரவில் கண்ணாடியைப் பார்த்ததும், பின்னால் வருவது தன்னைவிட வேகமான வண்டியா, மெதுவான வண்டியா என்று நிறத்தை வைத்தே தெரிந்துகொள்வார்.

மஞ்சள் பனியைக் கிழித்துக்கொண்டு போகும் என்று நம் மலைப்பாதை டிரைவர்கள் சொல்வதுண்டு. வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போதும், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போதும் நானும் அதை நம்பியவன்தான். ஆனால் பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அது நீலத்தையும் மஞ்சளையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஃபாக் லைட் உதவுவதற்குக் காரணம் வேறு. அது தாழ்வாக இருக்கிறது, வெளிச்சத்தை அகலமாக விரிக்கிறது, மேல்பக்கம் கத்தியால் வெட்டியதுபோல நின்றுவிடுகிறது. கண்ணுக்கும் பனிக்கும் நடுவில் வெள்ளைச் சுவர் எழும்புவதில்லை. மஞ்சளின் தயவு பனியிடம் இல்லை, கண்ணிடம் இருக்கிறது. நீல ஒளி கண்ணுக்குள் மற்ற நிறங்களோடு ஒரே இடத்தில் குவியாது. விழித்திரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே குவிந்துவிடும். அதனால் இரவில் நீலம் கலந்த விளக்கு எதிரே வந்தால் கூச்சம் அதிகம். விழித்திரையின் நடுவே, நாம் கூர்ந்து பார்க்கும் இடத்தில், மஞ்சள் நிறமி படிந்த ஒரு பொட்டு உண்டு. அதற்கு மருத்துவத்தில் பெயரே மஞ்சள் புள்ளி. நீலத்தில் ஒரு பங்கை அது அங்கேயே வடிகட்டிவிடுகிறது. நாம் குப்பியும் தூரிகையுமாக உட்கார்ந்து செய்கிற வேலையை உடம்பு அதற்குள் முன்பே செய்து வைத்திருக்கிறது. இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி என் வண்டியின் இரண்டு கண்களையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய விளக்குக்கு வந்தால் பூச்சு உதவாது. ஒரு முறை ஆசைப்பட்டு 60/55 வாட் ஹாலஜன் பல்பின் மேலேயே சாயம் தடவினேன். ஹாலஜன் வேலை செய்ய அதன் கண்ணாடியே 250 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, புகைந்து, கருகி, அந்தப் புகை ரிஃப்ளெக்டர் முழுக்கப் படிந்துவிட்டது. வெள்ளிப் பூச்சைத் துடைக்கவும் முடியாது. அந்த ஹெட்லைட்டையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. ஹாலஜன் பல்பைச் சாயத்தால் மட்டுமல்ல, வெறும் விரலாலும் தொடக் கூடாது.

அங்கே ஸ்டிக்கர்தான் வழி. ஃபாக் லைட்டுக்கு மஞ்சள் ஃபிலிம் ஒட்டுவதைப் பார்ப்பதே எனக்கு ஒரு கச்சேரி மாதிரி. சென்னையில் ஜி.பி. ரோடு பக்கம் ஒரு மத்தியான வேளை நின்று பாருங்கள். கைதேர்ந்தவர் அவசரப்படமாட்டார். லென்ஸைக் கழுவி, சோப்புத் தண்ணீரை இரண்டு பக்கமும் தெளித்து, ஃபிலிமை மிதக்க விடுவார். அது வழுக்கிக்கொண்டே இருக்கும்போது இடம் பார்த்து நிறுத்துவார். பிறகு ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுவார். ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒருபோதும் தள்ளமாட்டார். வளைவில் சுருக்கம் விழும் இடத்தில் ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்து, இளகியதும் விரலால் இழுத்துவிடுவார். கடைசியில் பிளேடு. ஓரத்தில் ஒரு நூல் அளவு விட்டு வெட்டுவதில்தான் கையின் நிதானம் தெரியும். அழுத்தினால் பிளாஸ்டிக் லென்ஸில் கோடு விழுந்துவிடும். அந்தக் கோடு வண்டி இருக்கும்வரை இருக்கும். வேலை முடிந்தபின் எங்கே ஃபிலிம் முடிகிறது, எங்கே லென்ஸ் ஆரம்பிக்கிறது என்று நகத்தால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்றைய லென்ஸ்களுக்கு ஸ்ப்ரே வேண்டாம் என்று சொல்வேன். பாலிகார்பனேட்டில் தின்னர் பட்டால், பழைய பீங்கான் தட்டில் விழுவதுபோல மயிரிழை விரிசல்கள் ஓடிவிடும். பழைய காலக் கண்ணாடி லென்ஸ் தாங்கும். ஆனால் அதன் பள்ளங்களில் சாயம் தேங்கி, வெளிச்சம் வரிவரியாக விழும்.

எல்லா நிறமும் எல்லா விளக்குக்கும் ஆகாது. 1998-இல் வந்த டொயோட்டா அல்டெஸாவின் பின்விளக்கைப் பார்த்து, உலகம் முழுக்கத் தெளிந்த மூடிக்கு ஒரு மோகம் கிளம்பியது. மூடி தெளிவாக இருக்கட்டும், நிறம் பல்பில் இருக்கட்டும் என்பது நல்ல யோசனை. அதற்கென்றே ஆரஞ்சு பல்பின் அடியில் இருக்கும் இரண்டு பின்களை நேரெதிராக வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்தார்கள். வெள்ளை பல்பைத் தவறுதலாகக்கூட அந்த ஹோல்டரில் மாட்ட முடியாது. மலிவான ஆரஞ்சு பல்பில் ஆறு மாதத்தில் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்து, இண்டிகேட்டர் வெளிறிப்போகும். அப்போது வீட்டில் சாயம் ஏற்றப் பார்க்காமல் நல்ல பல்பாக வாங்கிப் போடுவதே மேல். 21 வாட் சூட்டை நம் குப்பிச் சாயம் தாங்காது. பிரேக் லைட்டுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுகிறவர்களின் வண்டிகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பின்னால் வருகிறவனுக்குச் சேர வேண்டிய வெளிச்சம் அது. மூடியின் அழகுக்காக அதைக் குறைப்பது என்ன ரசனை?

சட்டமும் இதையேதான் கேட்கிறது. முன்னால் சிவப்பு காட்டக் கூடாது. பின்னால் சிவப்பு மங்கக் கூடாது. கம்பெனி கொடுத்ததை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. மஞ்சளுக்கு உலகம் முழுக்க இன்றும் இடம் கொடுக்கும் விளக்கு ஃபாக் லைட். ஆசை இருப்பவர்கள் அங்கே ஆரம்பிக்கலாம். ஒட்டிய ஃபிலிமை ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டால் உரித்து எடுத்துவிடலாம் என்பதும் அதில் ஒரு வசதி.

வீட்டில் பழைய வண்டி இருந்தால், சூடு ஏறாத சின்ன பல்பு ஒன்றை எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் முக்கிப் பாருங்கள். இருட்டும்வரை பொறுத்திருந்து, தெருவிளக்கு விழாத இடத்தில் வண்டியை நிறுத்தி, சுவரைப் பார்த்துப் பத்த வையுங்கள். வெளிறித் தெரிகிறதே என்று அன்றைக்கே மூன்றாவது கோட்டிங் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.