எழுபது ரூபாய் கேபிள்

2011 செப்டம்பர் 2 அன்று முதல்வர் ஜெயலலிதா அரசு கேபிள் டிவிக்கு மறுவாழ்வு கொடுத்தார். சென்னை நீங்கலாக மாநிலமெங்கும் மாதக் கட்டணம் அப்போது 70 ரூபாய். அதில் 50 ஆபரேட்டருக்கு, 20 நிறுவனத்துக்கு. அதுவரை 150-க்கு மேலும் கொடுத்துவந்த சோமனூர், பல்லடம் விசைத்தறி வீடுகளில் அந்த மிச்சம் பெரிய காசு. விநியோகத்தில் சன் குழுமம் கோலோச்சியதையும் இத்திட்டம் அசைத்தது. இந்த இரண்டுக்காகவும் நான் இதை மனதாரப் பாராட்டுவேன்.

ஆனால் பிறப்பிலேயே ஒரு கோளாறு இருந்தது. 2007-ல் திமுக ஆட்சியில், ஆட்சியாளர் குடும்பத்துக்கும் சன் குழுமத்தின் மாறன் சகோதரர்களுக்கும் பிணக்கு முற்றியிருந்தபோது உருவான நிறுவனம் இது. 2008 இறுதியில் அவர்கள் ராசியானதும் சோர்ந்து படுத்தது. 2011-ல் மீண்டும் எழுந்தபோது, மக்கள் அதிகம் பார்த்த சன் குழுமக் கட்டணச் சேனல்களே அதில் இல்லை.

கோவைக்குத் தனியாக ஒரு இழப்பும் உண்டு. 2013 மார்ச் 31-க்குள் டிஜிட்டலுக்கு மாறவேண்டிய நகரங்களில் கோவையும் ஒன்று. அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்ததோ 2017 ஏப்ரலில். மாநில அரசுகள் இத்தொழிலுக்கு வரக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்திருந்ததால், மத்திய அரசு உரிமத்தை இழுத்தடித்தது. நடுவில் சிக்கியவர் சந்தா கட்டியவர்.

விநியோகம் அரசின் கையில் இருந்தால் சேனல்களை அடக்கப் பயன்படும் என்ற டிராயின் அச்சத்தை நான் அலட்சியப்படுத்தமாட்டேன். கேபிளில் ஒரு சேனலைத் தடை செய்யவே வேண்டியதில்லை. இடத்தை மாற்றினால் போதும். அனலாக் காலத்தில் கடைசிப் பட்டைக்குத் தள்ளப்பட்ட சேனல் பழைய பெட்டிகளில் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், சிலவற்றில் வரவே வராது. டிஜிட்டலில் எண்ணைப் பின்னுக்குத் தள்ளினால், ரிமோட்டில் பத்து இருபது சேனலுக்குள் சுற்றிவரும் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தச் சேனல் இல்லாததற்குச் சமம். 2018 ஜூனில் கோவையில் நடத்திய விவாத நிகழ்ச்சிக்காகப் புதிய தலைமுறை சேனல் மீது வழக்குப் பதிவானது. அதையொட்டி அரசு கேபிளில் அதன் இடம் பின்தள்ளப்பட்டதைப் பத்திரிகையாளர்கள் கண்டித்தார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தச் சாவி ஆட்சியாளர் கையில்தான் இருக்கும். எனக்கு உறுத்துவது அதுதான்.

வாளையாறு தாண்டினால் வேறு வழி தெரிகிறது. கேரளத்தில் சிறு ஆபரேட்டர்களே ஒன்றுசேர்ந்து சொந்தமாக விநியோக நிறுவனம் நடத்துகிறார்கள். தெருத்தெருவாக ஒயர் இழுத்த கொங்கு ஆபரேட்டர்களால் அது முடியாததல்ல. அதுவரை அரசு கேபிள் இருக்கட்டும், மலிவாகவே இருக்கட்டும். சேனல் வரிசையை மட்டும் எழுதிவைத்த விதிப்படி, அமைச்சருக்குக் கட்டுப்படாத ஒரு குழு தீர்மானிக்கட்டும். ஓர் எண்ணை மாற்றினால் காரணத்தைச் சந்தாதாரருக்கு முன்கூட்டியே சொல்லட்டும்.