ஆங்கில ஈரெதிர்மறையும் இலக்கணத் தீர்ப்பும்

இரண்டு எதிர்மறைகள் சேர்ந்தால் உடன்பாட்டுப் பொருள் தோன்றும் என்பது தமிழ் பயின்றோர்க்குப் புதிதன்று. 'அவன் வராமல் இருக்கமாட்டான்' என்றால் வருவான் என்பது உறுதி. இதே அளவுகோலால் அன்றாட ஆங்கிலத்தில் வழங்கும் 'ஐ டோன்ட் நோ நத்திங்' என்னும் தொடரையும் அளந்து, அதற்கு 'எனக்கு ஏதோ தெரியும்' என்பதே பொருள், ஆதலின் அது பிழை என்பாரும் உளர். இம்முடிவு மறுஆய்வுக்குரியது எனக் கருதுகிறோம்.

அத்தொடரைக் கேட்போர், பேசுவோனுக்கு ஒன்றுமே தெரியாது என்றே உணர்வர். எழுவாயின் பன்மை தமிழில் பயனிலையிலும் வெளிப்படுவதுபோல, இங்கு வினையின் எதிர்மறை 'நத்திங்' என்னும் சொல்லிலும் வெளிப்படுகிறது. இஃது எதிர்மறை இயைபு எனப்படும். சாசர், ஷேக்ஸ்பியர் ஆகியோரின் ஆங்கிலத்திலும் இது பயின்றுள்ளது. ஸ்பானிய மொழியில் இன்றும் செம்மையான வழக்காகவே திகழ்கிறது. தமிழின் 'ஒன்றும்' தன்னளவில் எதிர்மறைச் சொல் அன்று. 'நத்திங்' எதிர்மறைச் சொல். ஆகவே தமிழ் அளவுகோல் இங்குப் பொருந்தாது.

இரண்டு எதிர்மறைகள் உடன்பாடாகும் என்னும் விதியை 1711ஆம் ஆண்டு ஜேம்ஸ் கிரீன்வுட் தம் ஆங்கில இலக்கண நூலில் வகுத்தார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இராபர்ட் லோத்தின் நூலால் அது மேலும் பரவியது. எனினும் மக்கள் பேச்சில் எதிர்மறை இயைபு நீடித்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆங்கிலத்தில் அது ஒழுங்கான விதிகளுக்கு உட்பட்டே இயங்குகிறது என்பதை வில்லியம் லபோவ் 1972ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் நிறுவினார்.

கற்றோர் வழக்கான 'நாட் அன்ஹேப்பி' என்பதும் அவ்விதிக்கு முழுமையாக அடங்குவதில்லை. அது 'ஹேப்பி' என்பதற்கு நிகராகாமல், மகிழ்ச்சிக்கும் துயருக்கும் இடைப்பட்ட நிலையையே பெரும்பாலும் சுட்டும். இவ்வமைப்பை 1946ஆம் ஆண்டு ஜார்ஜ் ஆர்வெல் எள்ளினார். ஆயினும் அதனைக் கல்லாதார் மொழி என்று எவரும் பொதுவாக ஒதுக்குவதில்லை. முன்னதற்கு இழுக்கும் பின்னதற்கு இசைவும் கிட்டுவதற்குக் காரணம் தருக்கம் அன்று. பேசுவோரின் சமூக நிலையே எனலாம்.

தேர்வுத்தாளில் 'ஐ டோன்ட் நோ எனிதிங்' என்று எழுதவேண்டும் என மாணவர்க்குக் கற்பிப்பது தேவையே. ஆயின் அது எழுத்து வழக்கின் மரபு என்று கூறிக் கற்பித்தல் வேண்டும். மற்றையோர் பேச்சைச் சிந்தனைக் குறைபாடு எனப் பழிக்க இலக்கணத்தில் இடமில்லை என்பதே நம் துணிபு.