பெரிய இடம்

கும்மிடிப்பூண்டி பஸ் நிலையத்தில் ஒரு நாள் இரண்டு பெரியவர்கள் கல்யாணப் பேச்சில் இருந்தார்கள். "பிள்ளை வீட்டார் எப்படி?" என்று கேட்டார் ஒருவர். "பெரிய இடம்" என்றார் மற்றவர். அதற்கு மேல் கேள்வியே எழவில்லை. நிலமா, பணமா, உத்தியோகமா, குணமா என்று அவர் கேட்கவில்லை. கேள்வியை நிறுத்துவதுதான் அந்த வார்த்தையின் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பக்கம் பழைய செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்தது. அங்கே பெரிய குடும்பம் என்றால் மிராசுதார் குடும்பம். மிராசு என்பது பரம்பரைச் சொத்தைக் குறிக்கும் அரபிச் சொல். தமிழில் காணியாட்சி என்பார்கள். எல்லிஸ் துரை 1818-ல் அதைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். கிராமத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று கணக்குச் சொல்ல முடிந்தது. இன்று அங்கே சிப்காட் தொழிற்சாலைகள் நிற்கின்றன. மிராசு பேச்சிலிருந்து போய்விட்டது. கணக்கில்லாத 'பெரிய இடம்' மட்டும் தங்கிவிட்டது.

வள்ளுவரும் குடிப்பிறப்பைப் பாராட்டுகிறவர்தான். ஆனால் குடிமை அதிகாரத்தில் அவர் அடையாளம் கேட்கிறார்: மலர்ந்த முகம், கொடை, இனிய சொல், பிறரை இகழாமை. நம் கதாசிரியர்கள் அடையாளம் கேட்பதில்லை. "அவள் பெரிய இடத்துப் பெண்" என்று எழுதிவிட்டால் பாத்திரம் உருவாகிவிட்டதாக நினைக்கிறார்கள். 1963-ல் அதே பெயரில் சினிமாவும் வந்தாயிற்று.

நம்முடைய முதல் நாவலாசிரியர் இப்படித் தப்பித்துக்கொள்ளவில்லை. 1879-ல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் செல்வப் பிள்ளை பாடம் படிக்காவிட்டால், அடி வாங்குகிறவன் உபாத்தியாயரின் மகன் கனகசபை. வேதநாயகம் பிள்ளை இதை வேடிக்கையாகத்தான் சொல்கிறார், நாமும் சிரிக்கிறோம். சிரித்து முடித்த பிறகு முதுகில் சுரீர் என்கிறது. வீட்டின் தூண்களையும் ஊஞ்சலையும் பத்துப் பக்கம் வர்ணித்தாலும் இது கிடைக்காது.

பெரிய இடம் எவ்வளவு பெரியது என்பதை அதன் வாசலில் நின்று அளக்க முடியாது. அங்கே செய்த தப்புக்கு யார் முதுகில் அடி விழுகிறது என்று பார்த்தால் தெரியும். நாவலாசிரியன் பார்க்க வேண்டிய இடம் அதுதான். பஸ் நிலையத்துப் பெரியவர் கேட்காமல் விட்ட கேள்வியை அவனாவது கேட்க வேண்டாமா?