பென்சிலால் எழுதிய எண்கள்

நம் சதுரங்க வட்டத்தின் வெள்ளி விழா மலருக்கு ரேட்டிங் மரபுகளைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று தலைவர் கேட்டபோது, என்னைவிடத் தகுதியான மூத்தவர்கள் வட்டத்தில் இருக்கிறார்களே என்றேன். "கணக்கு வாத்தியார் சாரின் நோட்டெல்லாம் உங்களிடம்தானே இருக்கிறது" என்றார். அதற்கு மேல் மறுக்க வழியில்லை. நம் உறுப்பினர்களுக்கு ஆட்டக்காரரின் திறனை எண்ணாக்கும் எலோ கணக்கை அரிச்சுவடியிலிருந்து சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. அதனால் அதைத் தாண்டிப் போகிறேன்.

எலோவுக்கு முன் இருந்தது ஹார்க்னெஸ் பாணி. 1950இல் அமெரிக்காவில் வந்தது. ஒரு போட்டியில் எதிர்த்தவர்களின் சராசரியை எடுத்து, மொத்தத்தில் பாதிப் புள்ளி எடுத்தவருக்கு அந்தச் சராசரியையே கொடுத்து, அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 10 சேர்ப்பார்கள். முரட்டுக் கணக்கு. அதை ஓரங்கட்டியவர் அர்பாத் எலோ. ஹங்கேரியில் பிறந்து, மில்வாக்கியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். அவர் முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும் உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970இலும் ஏற்றன. இவையெல்லாம் நமக்குத் தெரிந்த வம்சாவளிதான்.

நம் வட்டத்தின் எலோ மரபு என்றால் அது கணக்கு வாத்தியார் சார்தான். ஞாயிறு கடைசி ஆட்டம் முடிந்ததும் நீளவாக்கு நோட்டைத் திறப்பார். பெயர், பழைய எண், எதிர்பார்த்தது, கிடைத்தது, புது எண் என்று பத்திகள். பின்னட்டையில் சோற்றுப் பசையால் ஒட்டிய அட்டவணை: 100 வித்தியாசத்தில் மேலே இருப்பவரிடம் எதிர்பார்க்கும் புள்ளி .64, 200க்கு .76, 400க்கு .92. அன்றைக்கு 1600 இருக்கிற பையன் 1800ஐ வென்றுவிட்டான் என்று வையுங்கள். அவனிடம் எதிர்பார்த்தது .24தான், வந்ததோ 1. மீதி .76ஐ 20ஆல் பெருக்கி 15 ஏற்றுவார். தோற்றிருந்தால் இறக்குவது வெறும் 5. ஏற்றிய 15 எதிராளியின் வரியில் கழிந்திருக்க வேண்டும். எல்லா ஏற்ற இறக்கத்தையும் கூட்டினால் சுழி வரவேண்டும். வராவிட்டால் டீ ஆறிப்போனாலும் நாற்காலியை விட்டு எழமாட்டார்.

எல்லாம் பென்சில் எழுத்து. ஒருநாள் நான் பேனாவை நீட்டினேன். "இது மதிப்பெண் இல்லடா, மதிப்பீடு. அடுத்த வாரம் அழிக்க வேண்டியது" என்றார். நான் கற்ற பாடம் மொத்தமும் அதுதான்.

இணைய ஆட்டம் வந்தபின் நம்மில் பாதிப் பேர் கிளிக்கோ மரபுக்குப் போய்விட்டோம், தெரியாமலே. மார்க் கிளிக்மன் 1995இல் வகுத்தது. எலோ ஓர் எண் வைத்தார். கிளிக்மன் எண்ணுக்குப் பக்கத்தில் சந்தேகத்துக்கும் ஓர் எண் வைத்தார். புதியவர் 1500இல் தொடங்கினால் சந்தேகம் 350. ஆட ஆடச் சுருங்கும், ஆடாமல் இருந்தால் விரியும். சந்தேகம் பெரிதாக இருக்கும்போது ஒரே வெற்றியில் எண் தாவும், சிறிதானால் நகரும். செஸ்.காம் தளம் இந்த முறையில் நடக்கிறது. லீசெஸ் தளம் இதன் இரண்டாம் பதிப்பில். கண் அறுவைசிகிச்சை முடிந்து வெகுநாள் கழித்து ஆடவந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர், "என் ரேட்டிங் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறான்" என்று எனக்குத் தொலைபேசியில் கோபித்துக்கொண்டார். லீசெஸில் சந்தேகம் 110ஐத் தாண்டினால் அந்தக் குறி விழும். பத்துப் பதினைந்து ஆட்டம் ஆடுங்கள், போய்விடும் என்றேன். ஆடினார், போயிற்று. சார் பென்சிலால் செய்ததை இவர்கள் கேள்விக்குறியால் செய்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ட்ரூஸ்கில் பற்றி எனக்குப் பேரன் வழி ஞானம்தான். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவிக்காகக் கொண்டுவந்த ரேட்டிங் முறை. நால்வர் அணி தோற்றால் யார் எண்ணை எவ்வளவு குறைப்பது என்பது எலோவுக்கு எழாத கேள்வி. இவர்கள் புதியவரின் திறனை 25 என்று ஊகித்து, அதிலிருந்து சந்தேகத்தின் மூன்று மடங்கைக் கழித்துக் காட்டுவார்கள். புதியவருக்குக் கழித்தால் சுழி. அடக்கமான மரபு, பாராட்டலாம். டோட்டா 2 என்ற அணி விளையாட்டு 2023இல் கிளிக்கோ பக்கம் வந்ததையும் குறித்து வைக்கிறேன்.

எண் எதற்கு? ஜோடி சேர்க்க. இணையத்தில் பொத்தானை அழுத்தினால் முதலில் நெருங்கிய எண்ணைத் தேடும். கிடைக்காவிட்டால் நேரம் ஆக ஆக வலையை அகலமாக விரிக்கும். சமமானவர்களைச் சேர்த்தால் பாதி ஆட்டம் தோற்கத்தான் செய்வோம். "சிஸ்டம் வேண்டுமென்றே தோற்கடிக்கிறது" என்று நம் இளைஞர்கள் சொல்வதைக் கேட்கும்போது சிரிப்பு வருகிறது.

சிரிப்போடு விட்டிருப்பேன். ஆனால் இன்று சிலர், யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை, எல்லாரும் நம் பிள்ளைகள், 2000ஐத் தொட்ட இரவே அந்தக் கணக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். வேறு பெயரில் புதுக் கணக்கு திறந்து 1500இல் இறங்கி, அங்கே நேர்மையாக ஆடுகிற 1500காரர்களை அடிக்கிறார்கள். தோற்கும் நிலை வந்தால் கைபேசியைக் கவிழ்த்துவிட்டுக் கடிகாரத்தை ஓடவிடுகிறார்கள். முன்பு தோற்றவர் காய் அடுக்குவார், வென்றவர் டீ வாங்கித் தருவார். இன்று காய் அடுக்க ஆளில்லை. போன பொதுக்குழுவில் ஒரு பெட்டியில் கறுப்பு ராணி இரண்டு, வெள்ளை ராணி ஒன்றுகூட இல்லை. சமீபத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளைத் தோழன் தன் அதிவேக ஆட்ட எண்ணைச் சொல்லி "பிளிட்ஸ் 2150" என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டான். பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊரில் காபி தண்ணியாய்ப் போனதற்கும் இதுதான் காரணம் என்று சொல்வீர்கள் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். சொன்னாலும் சொல்வேன்.

ஒரே வட்டத்துக்குள் பூட்டி வைத்த எண்ணும் கெட்டுப்போகும் என்பதற்கு வர்ஜீனியாச் சிறையில் இருந்த கிளாட் பிளட்குட் சாட்சி. உள்ளேயே கைதிகளோடு ஆடி ஆடி, 1996இல் 2702 எடுத்து அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார். ஏமாற்றவில்லை என்றே அவர் சொன்னார். மூடிய குளத்துத் தண்ணீர் தானே ஏறிவிட்டது. நம் வட்டத்து 1900ஐயும் வெளியூர் 1900ஐயும் ஒன்றாகப் பேசுபவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

குளம் வற்றுவதும் உண்டு. 2024 மார்ச்சில் ஃபிடே 2000க்குக் கீழிருந்த எல்லாருக்கும், 2000க்கு உள்ள குறையில் 40 சதவீதத்தைச் சேர்த்துக் கொடுத்தது. 1000 இருந்தவர் ஒரே நாளில் 1400. குறைந்த எண்ணோடு வந்து வேகமாக வளரும் சிறுவர்கள் மற்றவர்களின் புள்ளியை உறிஞ்சியதால் செய்த வைத்தியம் அது. நியாயம் இருக்கிறது. ஆனாலும் சார் இருந்திருந்தால் "கருணை மதிப்பெண்" என்று ஒரு முறை முணுமுணுத்துவிட்டுத்தான் பென்சிலைச் சீவியிருப்பார்.

ஒரு வேண்டுகோள். சாரின் நோட்டுகள் ஐந்து. என்னிடம் நான்குதான் இருக்கின்றன. மூன்றாவது நோட்டைப் பார்த்துவிட்டுத் தருவதாக உறுப்பினர் ஒருவர் வாங்கிச் சென்றார். யாரென்று எனக்கு நினைவில்லை. விழாவன்று வரவேற்பு மேசையில் வைத்துவிட்டுப் போனால் போதும், யாரும் எதுவும் கேட்கமாட்டோம்.