விதி காக்குமா வீட்டை?

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், கொடைக்கானலுக்கு ஏறுகிறவர்கள் சற்றே நின்று இளைப்பாறிச் செல்லும் ஊர் வத்தலக்குண்டு. வழிப்போக்கர்கள் பலருக்கு அது ஒரு பேருந்து நிறுத்தம். தமிழ் இலக்கியம் அறிந்தவர்களுக்கோ அது ஒரு முகவரி. 'கமலாம்பாள் சரித்திரம்' தந்த ராஜமையர் 1872ஆம் ஆண்டு இங்கே பிறந்தார். விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1884இல் இங்கே பிறந்தார். மணிக்கொடி காலத்துப் படைப்பாளி பி. எஸ். ராமையாவும், 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பாவும் இவ்வூரோடு பிரித்துப் பேச இயலாதவர்கள்.

இத்தகைய ஊர் ஒன்றின் பழைய தெருக்களை, திண்ணைகளை, ஓட்டு வீடுகளை எந்த விதி காக்கிறது? தொல்லியல் சட்டங்கள் பழங்கோவில்களையும் கோட்டைகளையும் கல்வெட்டுகளையும் காக்கப் பிறந்தவை. மலைக் கட்டட விதிகளோ மலைக்கு உரியவை. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் சாதாரணத் தெரு, யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் ஆண்டுதோறும் ஒவ்வொரு வீடாகக் கரைந்துகொண்டிருக்கிறது. ஆகவே, கட்டடங்களைக் காப்பதற்கென்று நம் நாட்டில் எழுதப்பட்டுள்ள விதிகளை, ஓர் இலக்கியப் படைப்பை ஆராய்வதுபோல் ஆராய்ந்து பார்ப்பது நல்லது. அவை எதைப் பேசுகின்றன? எதைப் பேசாமல் விடுகின்றன?

ஆராய்ச்சிக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அது நம் கையிலேயே இருக்கிறது. இணைச்சட்ட நூலின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் ஒரு கட்டட விதி வருகிறது. புது வீடு கட்டுகிறவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். எவரேனும் தவறி விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. எவ்வளவு சிறிய விதி! எனினும் மூன்று சிறப்புகள் அதில் உண்டு. தன் காரணத்தைத் தானே சொல்கிறது. பொறுப்பாளி யார் என்று காட்டுகிறது. செல்வருக்கு ஒன்று, எளியவருக்கு ஒன்று என்று விலக்கு வைக்கவில்லை. காரணம், பொறுப்பு, விலக்கின்மை ஆகிய இம்மூன்றையும் உரைகல்லாகக் கொள்வோம்.

விலக்கு என்னும் பின்வாசல்

கொடைக்கானலின் கதை 1845இல் தொடங்குகிறது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் தப்ப அங்கே முதல் வீடுகளை எழுப்பினார்கள். 1863இல் ஏரி உருவாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் இயேசு சபையாரின் முயற்சியால் சலேத் அன்னை ஆலயம் எழுந்தது. 1895இல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி தொடங்கியது. சரிந்த கூரையும் கல் சுவரும் புகைபோக்கியும் கொண்ட ஒரு கட்டட மரபு அம்மலையில் வேரூன்றியது. அது வெள்ளையரின் மரபு மட்டும் அன்று. கல் உடைத்தவர்களும் மரம் அறுத்தவர்களும் சுமை சுமந்து மலையேறியவர்களும் நம் மக்கள்தாம்.

சுற்றுலா பெருகியபோது அம்மலையைக் காக்க விதிகள் வந்தன. 1993இல் கொடைக்கானலுக்கு முழுமைத் திட்டம் ஏற்பளிக்கப்பட்டது. மலை ஊர்களுக்கெனத் தனிக் கட்டட விதிகள் எழுதப்பட்டன. கட்டடக்கலை, அழகியல் கூறுகளை ஆராய ஒரு குழுவும் அமைந்தது. தாளில் பார்த்தால் குறை சொல்ல இடம் அதிகம் இல்லை.

ஆனால் விதிக்கு ஒரு பின்வாசல் இருந்தது. அதன் பெயர் விலக்களிக்கும் அதிகாரம். 'பிளசண்ட் ஸ்டே' என்னும் விடுதியின் வழக்கு நாடறிந்தது. இரண்டு தளங்களுக்கு அனுமதி பெற்ற கட்டடம் ஏழு தளங்களாக உயர்ந்தது. 1994இல் அரசு விலக்களித்து அதனை முறைப்படுத்தியது. 1985 முதல் இயங்கிவந்த பழனி மலைப் பாதுகாப்புக் கழகம் நீதிமன்றத்தை நாடியது. உயர்நீதிமன்றம் விலக்காணையை நீக்கியது. 1995இல் உச்ச நீதிமன்றமும் விடுதியின் முறையீட்டை ஏற்காமல், மிகையான தளங்கள் இடிக்கப்படவேண்டும் என்பதை உறுதிசெய்தது. அதன்பின் எழுந்த குற்றவழக்கு 2000இல் தண்டனையாகி, 2001இல் மேல்முறையீட்டில் விடுதலையாய் முடிந்தது. அந்த அரசியல் இங்கே நமக்கு வேண்டியதன்று. நமக்கு வேண்டியது ஒரே உண்மை: விதி இல்லாததால் மலை கெடவில்லை, விதியிலிருந்து சிலரை விடுவிக்க விதியிலேயே வழி இருந்ததால் கெட்டது.

அந்தத் தீர்ப்பு ஒரு முடிவாக அமைந்திருக்கவேண்டும். அமையவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 2019இலும், மதுரைக் கிளையின் உத்தரவின்பேரில் கொடைக்கானலில் விதிமீறிய கட்டடங்கள் பூட்டி முத்திரையிடப்பட்டன. எழும்பும்போது காணாத கண், எழும்பி வாடகைக்கு விட்டபின் காண்கிறது. அப்போது கடன்பட்டுக் கட்டியவரும், அங்கே கூலிக்கு நின்ற தொழிலாளியும் தெருவில் நிற்கிறார்கள். நம் உரைகல்லில் மலை விதி விலக்கின்மையில் தோற்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. மலை விதிகளின் மொழி, பெரும்பாலும் உயரம், பரப்பு, சரிவு என்னும் அளவுகளின் மொழி. புதிதாய் எழும்புவதை அளக்க அது போதும். நூறாண்டு நின்ற வீடு ஏன் நிற்கவேண்டும் என்று சொல்ல அது போதாது.

பட்டியலும் மழையும்

பழைய கட்டடம் ஏன் நிற்கவேண்டும் என்ற கேள்வியைச் சென்னை எதிர்கொண்டது. அண்ணா சாலையில் 1897இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை அதன் உரிமையாளரான ஆயுள் காப்பீட்டுக் கழகம் 2006இல் இடிக்கத் தொடங்கியது. மரபுக் காப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2010இல் உயர்நீதிமன்றம் இடிப்பைத் தடுத்ததோடு நில்லாமல், மாநகரின் மரபுக் கட்டடங்களைக் காக்க ஒரு குழு வேண்டும் என்றும் பணித்தது. தனியொரு கட்டடத்தின் வழக்கு, கட்டடங்களின் பட்டியலாய் விரிந்தது. 2012இல் தமிழகச் சட்டப்பேரவை மரபு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வந்ததோ 2024இல்! பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு சட்டம் பெட்டியில் உறங்கியது. அதற்குள் எத்தனை ஊர்களில் எத்தனை முற்றங்கள் மூடப்பட்டன என்று எண்ணிச் சொல்வார் யார்?

தாமதம் ஒருபுறம் இருக்கட்டும். பட்டியலில் பெயர் சேர்ந்துவிட்டால் கட்டடம் பிழைத்துவிடுமா? புதுச்சேரி விடை தருகிறது. கடற்கரையில் 1871 அளவில் எழுந்த நகராட்சி மன்றக் கட்டடத்தை, 'மேரி' என்று ஊரார் அழைப்பதை, போற்றாதவர் இல்லை. சீரமைக்கவேண்டும் என்ற பேச்சும் நெடுங்காலம் நடந்தது. 2014 நவம்பர் 29ஆம் நாள் பெய்த மழையில் அது தானே இடிந்து விழுந்தது. அதை எவரும் கடப்பாரையால் இடிக்கவில்லை. ஒழுகும் கூரையை எவரும் பார்க்கவில்லை, அவ்வளவே. பழைய உருவிலேயே புதிதாய் எழுப்பப்பட்ட கட்டடம் 2021இல் திறக்கப்பட்டது. உரு மீண்டது; பழைய சுண்ணாம்பும் செங்கல்லும் மீளவில்லை.

ஆகவே 'இடிக்காதே' என்னும் விதி பாதி விதி. 'ஒழுகவிடாதே' என்பதுதான் மறுபாதி. ஒழுகலை அடைக்கப் பணம் யார் தருவது? இங்கேதான் பொறுப்பு என்னும் உரைகல் தேவைப்படுகிறது. நான்கு சகோதரர்களுக்குப் பொதுவான வீடு; இருவர் வெளிநாட்டில்; ஒருவர் வழக்கில்; எஞ்சியவர் ஓய்வூதியத்தில். நாட்டு ஓடு மாற்றத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை. தேக்கு விலை எட்டாத உயரம். இந்த மனிதரிடம் சென்று, உமது வீடு ஊருக்கே பெருமை, ஆணி அடிக்கவும் அனுமதி பெறும் என்று சொன்னால், அவர் அந்த வீட்டை எப்படி நேசிப்பார்? பெருமை ஊருக்கு, சுமை ஒருவருக்கு என்றால் அது நீதியன்று.

சுமையைப் பகிர்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் புதுச்சேரியே காட்டியிருக்கிறது. அங்கே தமிழர் பகுதியான வைசியாள் தெருவில், ஐரோப்பிய உதவியோடும் மரபுக் காப்பாளர்களின் வழிகாட்டலோடும், வீட்டுக்காரர்களும் செலவில் பங்கேற்க, திண்ணையும் தாழ்வாரமுமாக வீட்டு முகப்புகள் வரிசையாய்ப் புதுப்பிக்கப்பட்டன. 2008இல் யுனெஸ்கோவின் பாராட்டு விருது அதற்குக் கிடைத்தது. அங்கே விதி வீட்டுக்காரரை மிரட்டவில்லை; கைகொடுத்தது.

பழமை எல்லாம் புனிதமா?

விதியைப் புகழ்கிறவர்கள் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாகவேண்டும். பழையது என்பதற்காகவே ஒன்றைக் காக்கவேண்டுமா? தமிழ்க் கத்தோலிக்கராகிய நாம் இதற்கு வெளியூரில் விடை தேடவேண்டியதில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், ஒரே பீடத்தின் முன் சாதியாரைத் தனித்தனியே நிறுத்துவதற்காகவே ஆலயம் இரு கிளைகளாய்க் கட்டப்பட்டது. நடுவே பிரிவினைச் சுவரும் நின்றது. 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. எதிர்த்து வழக்காடியவர்கள் வெல்லவில்லை. அந்தச் சுவரும் 'மரபு'தான். அதை இடித்ததே அறம்.

இதனால் நாம் அறிவது யாது? காக்கவும் இடிக்கவும் காரணம் வேண்டும். அந்தக் காரணம் ஊரறியச் சொல்லப்படவேண்டும். வடக்கன்குளத்துச் சுவர் ஏன் இடிக்கப்பட்டது என்பதை நூறாண்டு கடந்தும் நாம் சொல்கிறோம். நம் பங்குகளில் இடிக்கப்பட்ட பழைய ஆலயங்கள் பல ஏன் இடிக்கப்பட்டன என்று கேட்டால், 'இடம் போதவில்லை', 'பழசாகிவிட்டது', 'பக்கத்துப் பங்கில் பெரிதாய்க் கட்டிவிட்டார்கள்' என்பவற்றுக்குமேல் விடை கிடைப்பது அரிது. முதற்காரணம் மெய்யான தேவையாக இருக்கலாம். மற்ற இரண்டும் காரணங்களே அல்ல.

நம் வீட்டு விதி

அரசின் விதிகளை இவ்வளவு கண்டிப்பாய் உரைத்துப் பார்த்த நாம், நமக்கென்று உள்ள விதிகளை மறக்கலாகாது. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963இல் தந்த திருவழிபாடு பற்றிய கொள்கைத்திரட்டு, இயன்ற அளவு மறைமாவட்டந்தோறும் திருக்கலைக்கென ஒரு குழு இருக்கவேண்டும் என விரும்புகிறது. ஆலயத்தின் அரும்பொருள்கள் கைமாறிப் போகாமலும் அழியாமலும் ஆயர்கள் காக்கவேண்டும் என்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, பழமையாலோ கலையாலோ பக்தியாலோ சிறந்த திருவுருவங்களைச் செப்பனிடுமுன் ஆயரின் எழுத்து வழி அனுமதி வேண்டும் என்றும், அவர் வல்லுநரைக் கேட்கவேண்டும் என்றும் விதிக்கிறது.

நல்ல விதிகள்! ஆயின் நம் பங்குப் பேரவைகளில் இவற்றை அறிந்தவர் எத்தனை பேர்? மரப்பீடத்தைப் பெயர்த்துப் பளிங்குப் பீடம் அமைத்த நாளில், பழைய மரம் எங்கே போயிற்று என்று கேட்டவர் எத்தனை பேர்? பழைய சுரூபத்தின்மேல் பளபளக்கும் எனாமல் பூசியபோது, அடியில் இருந்த வண்ணத்தை நினைத்தவர் யார்? நன்கொடையாளர் பெயர் பொறித்த கல் புதிதாய்ச் சுவரேறுகிறது. பட்டினி கிடந்து சுண்ணாம்பு சுமந்த பாட்டன் பாட்டியர் எழுப்பிய சுவர் குப்பை வண்டி ஏறுகிறது. கொடைக்கானலின் விடுதிக்கு அரசு விலக்களித்ததைக் குறை கூறும் நமக்கு, நம் ஆலய வளாகத்தில் நாமே நமக்கு அளித்துக்கொள்ளும் விலக்குகள் கண்ணில் படுவதில்லை.

சட்டம் இயற்றுவது நம் கையில் இல்லை. ஆனால் பட்டியல் எழுதுவது நம் கையில் இருக்கிறது. வத்தலக்குண்டுப் பகுதியிலும் மலைமேலும் உள்ள பங்குகளின் இளைஞர்கள் ஒரு கோடை விடுமுறையில் இதைச் செய்யலாம். ஊரின் பழைய வீடுகள், ஆலயங்கள், பள்ளிகள், கிணறுகள், கல்லறைத் தோட்டங்கள் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, கட்டிய ஆண்டையும் அங்கே வாழ்ந்தவர்களையும் பற்றி முதியோரைக் கேட்டு எழுதி வைக்கலாம். கட்டியவர் எந்தச் சாதியார், கல் சுமந்தவர் எந்தத் தெருவினர் என்பதையும் மறைக்காமல் எழுதவேண்டும். மரபு ஆணையம் இன்று இயங்கும் நிலைக்கு வந்திருக்கிறது. எழுதிய ஏட்டோடு சென்று கேட்பவருக்கு விடை சொல்லும் கடமை அதற்கு உண்டு; வெறுங்கையோடு வருந்துகிறவருக்கு அது என்ன சொல்ல முடியும்?

இனி எந்தப் பங்கிலாவது பழைய ஆலயத்தை இடிக்கத் தீர்மானம் வருமானால், வாக்கெடுப்புக்கு முன் மூன்று கேள்விகள் குறிப்பேட்டில் எழுதப்படட்டும்: இடிப்பதற்குக் காரணம் என்ன? செப்பனிட எவ்வளவு செலவாகும் என்று வல்லுநரிடம் கேட்டோமா? காப்பதானால் சுமையை யார் யார் பகிர்வார்கள்? மூன்றுக்கும் நேர்மையான விடை எழுதிய பின்னும் இடிக்கவேண்டியிருந்தால் இடிக்கலாம். விடை எழுதாமல் இடிப்பதைத்தான் நாம் ஒப்பலாகாது.